நெல் காயும்வரை காத்திருக்க முடியாதவர்கள்

2025 பெப்ரவரி 5ஆம் திகதி விவசாயப் பிரதி அமைச்சர் நாமல் கருணாரத்ன நெல்லுக்கான உத்தரவாத விலையை அறிவித்தார். ஒரு கிலோ நாடு நெல் 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் அறுவடை அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வயல்களில் வெட்டு மெசின்கள் இறங்கும் காலம் அது. விலை போதாது என்று கமக்காரர் அமைப்புகள் குரல் எழுப்பின. காலபோகத்து அறுவடை வரும்போதெல்லாம் நாம் கேட்கும் விவாதம்தான். எல்லாரும் 120 என்ற எண்ணைப் பற்றியே பேசினார்கள். அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலையைக் கொடுப்பது காய்ந்த நெல்லுக்கு. ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது.

வன்னியின் நெல் விலைப் பிரச்சினையை அந்த 14 வீதத்திலிருந்து தொடங்கித்தான் விளங்கிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். கமக்காரருக்கு இல்லாதது நல்ல விலை மட்டுமல்ல, அந்த விலை வரும்வரை காத்திருக்கும் வசதியும் இல்லை. நெல்லைக் காயவைக்க நாலு நாள், களஞ்சியத்தில் வைத்திருக்க நாலு மாதம். இந்த அவகாசம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இலாபம் போய்ச் சேர்கிறது. கொள்கை வகுப்பவர்கள் விலையைக் கூட்டிக் குறைக்கிறார்களே தவிர, இந்த அவகாசத்தைக் கமக்காரர் கையில் கொடுக்க எழுபது எண்பது வருடமாக யாரும் முழு மனதோடு முயலவில்லை.

முன்னர் கையால் அரிவு வெட்டிய காலத்தில் வெட்டிய தாள் உப்பட்டியாக வயலிலேயே வெயிலில் கிடந்து காய்ந்தது. பிறகு சூடு வைத்தார்கள். சூடடிக்கும்போது நெல் பெரும்பாலும் காய்ந்தே வந்தது. உலர்த்துவது என்பது தனி வேலையாக இருக்கவில்லை, அறுவடைக்குள்ளேயே அடங்கியிருந்தது. மெசின் வந்தபின் காலையில் நிற்கும் பயிர் மத்தியானம் மூட்டையில் இருக்கிறது. கூலியாள் பிடிக்கும் அலைச்சல் போனது, மழைக்கு முன் வெட்டி முடிக்க முடிகிறது, இவையெல்லாம் பெரிய நன்மைகள். ஆனால் மூட்டைக்குள் போகும் நெல்லின் ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேல். அப்படியே கட்டி வைத்தால் ஓரிரு நாளில் சூடேறி நிறம் மாறும், முளைக்கும். முன்பு வெயிலும் காற்றும் இலவசமாகச் செய்த வேலை இப்போது கமக்காரரின் தலையில் ஒரு செலவாக விழுந்திருக்கிறது. அதற்கான தளமோ படங்கோ ஆளோ அவரிடம் இல்லை.

அதனால்தான் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏ9 வீதியின் ஓரத்திலும் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியிலும் நெல் காய்கிறது. தார் வீதியில் நெல் காயப்போடுவது ஆபத்தானது, சட்டத்துக்கும் உகந்ததல்ல. ஆனால் அந்த வீதிதான் பல கிராமங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய உலர்த்தும் தளம். வீதியோரத்தில் இடம் கிடைக்காதவர், இரவில் காவல் இருக்க ஆளில்லாதவர், வானத்தில் மேகத்தைக் கண்டு பயந்தவர், வயல் வரம்பிலேயே லொறிக்கு நெல்லை ஏற்றிவிடுகிறார். ஈரநெல்லுக்கு வியாபாரி சொல்லும் விலைதான் அவருக்கு விலை.

அவர் இழப்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 வீத ஈரப்பதன் உள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 90 கிலோ 700 கிராம் வரும். ஆகவே காய்ந்த நெல் 120 ரூபா என்றால் அந்த ஈரநெல்லின் உண்மையான பெறுமதி கிலோவுக்கு 108 ரூபா 84 சதம். உலர்த்தும் செலவென்று நாலைந்து ரூபாவைக் கழித்தாலும் நூறுக்கு மேல் நிற்கும். வரம்பில் வியாபாரி 90 ரூபா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1,600 கிலோ விளைந்திருந்தால், பெறுமதிக்கும் கைக்கு வந்த காசுக்கும் இடையில் ஏக்கருக்கு ஏறக்குறைய 30,000 ரூபா வித்தியாசம். 2024/25 காலபோகத்தில் அரசாங்கம் உரத்துக்கென்று கொடுத்த மானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபா, அதாவது ஏக்கருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். மானியமாகக் கொடுத்ததைப் போல் மூன்று மடங்கு, நெல் ஈரமாக இருந்தது என்ற ஒரே காரணத்தால் கையைவிட்டுப் போகிறது. இந்தத் தொகை எந்த வரவுசெலவுத் திட்ட உரையிலும் வருவதில்லை.

வியாபாரியைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வன்னிக்குள் லொறியோடு வருபவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள், கடன் வாங்கிக் காசு போட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பது ஆலை. நாட்டின் அரிசிச் சந்தையை நிர்ணயிக்கும் பெரிய ஆலைகள் பொலன்னறுவைப் பக்கத்தில் குவிந்திருக்கின்றன. உலர்த்தும் இயந்திரம், ஆயிரக்கணக்கான தொன் கொள்ளும் களஞ்சியம், வங்கிக் கடன், லொறி என்று அவகாசத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன. நெல்லை ஆலையில் கொடுத்தால் அரிசியாகத் தேறுவது ஏறத்தாழ 65 வீதம். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நெல் வேண்டும். 120 ரூபாவுக்கு வாங்கினால் நெல்லுக்கு மட்டும் 185 ரூபா. 2024 டிசெம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு விதித்த மொத்த விலை 225 ரூபா, உச்ச சில்லறை விலை 230 ரூபா. ஆலைக்கு மிஞ்சுவது 40 ரூபா. அதற்குள் அவிக்க வேண்டும், குத்த வேண்டும், மின்சாரக் கட்டணமும் வட்டியும் கட்ட வேண்டும். அதே நெல்லை வரம்பில் 90 ரூபாவுக்கு ஈரமாக வாங்கியிருந்தால் மிஞ்சுவது 70 ரூபாவுக்கு மேல். தவிடும் குறுணலும் வேறு. இரண்டு கணக்குக்கும் இடையிலான முப்பது ரூபாவில்தான் ஆலை பெரிதாவதும் கமக்காரர் சிறுத்துப்போவதும் நடக்கிறது.

கமக்காரர் ஏன் காத்திருக்க மாட்டேன் என்கிறார்? மனமில்லாமல் அல்ல. விதைப்புக்கு முன்பே அந்த நெல்லின் ஒரு பகுதி வேறு ஆட்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது. உழவுக்கும் விதைநெல்லுக்கும் நகை அடைவு வைக்கப்படுகிறது. உரமும் மருந்தும் கடையில் கடனுக்கு வருகின்றன. குத்தகைக்கு வயல் எடுத்தவர் குத்தகைக் காசை முன்கூட்டியே கொடுத்திருப்பார். மெசின்காரருக்கு வெட்டியவுடன் காசு வேண்டும். உழவு இயந்திரம் லீசிங்கில் எடுத்திருந்தால் மாதத் தவணை காத்திருக்காது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, கொழும்பில் அது பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கையாக இருந்தது. அடைவுக் கடையில் வளையல் வைத்தவருக்கு அது மீட்கும் நாளை இன்னும் தள்ளிவைத்தது. அந்த வருடம் டீசல் விலை 121 ரூபாவிலிருந்து ஜூன் மாத முடிவில் 460 ரூபாவுக்குப் போனது. உழவும் வெட்டும் டீசலில் ஓடுபவை.

கடனின் ஆழத்தை வறுமைக் கணக்குகளும் காட்டுகின்றன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் 2012/13இல் நாட்டிலேயே மிக வறிய மாவட்டம் முல்லைத்தீவு, 28.8 வீதம். 2016இல் அந்த இடம் கிளிநொச்சிக்கு, 18.2 வீதம். முல்லைத்தீவு 12.7 வீதம். தேசிய சராசரி 4.1 வீதமாக இருந்த வருடம் அது. வவுனியாவின் நிலை தேசிய சராசரியை விட நன்றாகவே இருந்தது, அது ஒரு வணிக நகரம் என்பதும் போரின் கடைசி மாதங்கள் அதன் மேல் நேரே விழவில்லை என்பதும் காரணங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் 2009 மே மாதத்தோடு எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து, மாடும் விதைநெல்லும் இல்லாமல் தொடங்கினார்கள். நாலு தலைமுறையாகச் சேர்த்து வைக்கும் களஞ்சியமும் கருவியும் அவர்களிடம் இல்லை. அந்த வெற்றிடத்தில் கடன் நிறுவனங்கள் நுழைந்தன. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை 2018இல் அரசே ஏற்க வேண்டிவந்த அளவுக்கு அது முற்றியது.

இந்த மண்ணுக்கு விலைக் கொள்கையின் ஏற்ற இறக்கம் புதிதல்ல. யாழ்ப்பாணத்தின் சன நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் பதிலாக 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. இரணைமடுக் குளம் அதற்கு முன்பே, 1920 அளவில், கட்டி முடிக்கப்பட்டிருந்தது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. பரீட்சை எழுதிவிட்டு வேலையில்லாமல் இருந்த பெடியள் காடு வெட்டி, மண் கிளறி, செத்தல் மிளகாய் போட்டார்கள். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் அவர்களுடைய மிளகாய்க்குப் பொன்விலை கிடைத்தது. அந்தக் காசில் கல்வீடு கட்டியவர்களும் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் வன்னியெங்கும் இருந்தார்கள். அதே காலத்தில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு நெல்லும் அரிசியும் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருந்தது, சாப்பாட்டு அரிசிக்கே தடைச்சாவடியில் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன இறக்குமதியைத் திறந்துவிட்டதும் மிளகாய், வெங்காயத்தின் விலை சரிந்தது. தோட்டம் செய்தவர் செய்த வேலையில் எந்தப் பிழையும் இல்லை. கொழும்பில் ஒரு கதவு திறந்தது, விசுவமடுவில் ஒரு வாழ்க்கை முறை முடிந்தது. அந்த வருடங்களை ஞாபகம் வைத்திருக்கும் முதியவர்களிடம் இறக்குமதி என்று சொன்னால் இன்றும் முகம் மாறும்.

ஆனால் இறக்குமதிக்குக் கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று அந்த அனுபவத்திலிருந்து முடிவெடுப்பதும் சரியாகாது. சாத்திய கதவுக்குள்ளே யாருக்கு அவகாசம் இருக்கிறது என்பதும் பார்க்கப்பட வேண்டும். அரிசி இலங்கை அரசியலில் எப்போதும் இரண்டு பக்கமும் கூரான வாளாக இருந்திருக்கிறது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்றிலிருந்து எந்த அரசாங்கமும் அரிசி விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் துணிந்ததில்லை. 1940களில் தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டம் ஒரு கையால் கமக்காரரைத் தாங்கியது. மறு கையால் மலிந்த அரிசி நகரத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை உருவானது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் முகவர்களாக நெல் வாங்கின. தாராளமயத்துக்குப் பின் அது மெலிந்து, 1990களில் செயலிழந்து, 2000களின் பிற்பகுதியில் மீண்டும் எழுப்பப்பட்டது. எழுந்து வந்தபோது அதன் களஞ்சியங்கள் சிலவற்றின் கூரையே போயிருந்தது. நாட்டின் அறுவடையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது வாங்குவதில்லை.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் நெல் கொள்வனவுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 5,000 மில்லியன் ரூபா. கேட்கப் பெரிய காசு. 120 ரூபாவால் பிரித்தால் 42,000 தொன் கூட வராது. ஒரு நல்ல காலபோகத்தில் நாடு முழுவதும் விளைவது 25 இலட்சம் தொன் அளவில். நூற்றுக்கு இரண்டு பங்கு கூட வாங்க முடியாத ஒருவர் சந்தையில் விலை சொன்னால், அது விலையாகாது. களஞ்சியம் திறக்கும் நாளும் பிந்துகிறது. வன்னியில் அறுவடை உச்சத்தில் நிற்கும்போது சாக்கு வரவில்லை, காசு வரவில்லை, அதிகாரி வரவில்லை என்று கதவு மூடியிருந்தால், திறக்கும்போது வாசலில் நிற்பது கமக்காரரா, அவரிடம் ஏற்கனவே வாங்கிக் காயவைத்த வியாபாரியா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வன்னிக்கு இதைவிடக் கடுமையான தடைகளும் தெரியும். போர்க்காலத்தில் யூரியாவுக்கும் எரிபொருளுக்கும் தடை. பசளை இல்லாமல், மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓட்டி வயல் செய்த வருடங்கள் அவை. 2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. ஆகவே 2021 மே மாதத்தில் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தபோது, தெற்கில் பலர் திகைத்து நின்ற இடத்தில் வன்னிக் கமக்காரருக்கு அது முன்பு பட்ட காயத்தில் மீண்டும் பட்ட அடி. அந்த நவெம்பரில் தடை நீங்கியது, ஆனால் காலபோகம் அதற்குள் விதைக்கப்பட்டிருந்தது. 2021இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் 34 இலட்சம் தொன்னாக விழுந்தது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற கேள்வி வேறு. மண்ணும் விதையும் பழக வேண்டிய வருடங்களை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் சுருக்கலாம் என்று நினைத்தது பெரும் தவறு. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. படிப்படியாகச் செய்ய விரும்பியிருந்தால் கேட்கவும் பரீட்சிக்கவும் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள்.

பிறகு 2024இன் முடிவு. கடைகளில் நாட்டரிசிக்கும் சிவப்பரிசிக்கும் தட்டுப்பாடு வந்தது. நவெம்பர் கடைசியில் வந்த புயல் வெள்ளம் வடக்கிலும் கிழக்கிலும் இளம்பயிரை மூழ்கடித்திருந்தது. டிசெம்பர் முதல் வாரத்தில் அரசாங்கம் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது, முதலில் டிசெம்பர் 20 வரை, பிறகு 2025 ஜனவரி 10 வரை. கிலோவுக்கு 65 ரூபா வரி. ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் வந்து இறங்கியது. நாட்டுக்கு மாதமொன்றுக்குத் தேவைப்படும் அரிசி ஏறக்குறைய இரண்டு இலட்சம் தொன் என்பதால், மூன்று வாரச் சாப்பாட்டுக்கு மேல் அது. அறுவடைக்குச் சற்று முன்னால் அந்த அரிசி சந்தைக்கு வந்தது. நகரத்துக் கூலித் தொழிலாளிக்கு அது தேவையாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே அரிசியை அதற்கு இரண்டு மாதம் முன்பே கொண்டுவந்திருந்தால் தட்டுப்பாடும் தீர்ந்திருக்கும், பெப்ரவரி நெல்லின் விலையில் அதன் நிழலும் விழுந்திருக்காது. இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு 2023 ஜூலையில் போட்ட தடையை 2024 செப்டெம்பர் கடைசியிலேயே நீக்கியிருந்தது. வாங்க இடம் இருந்தது. இருப்பு எவ்வளவு, எந்த ஆலையில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் வழிதான் அரசிடம் இருக்கவில்லை.

உலக விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு கசப்பான உண்மை தெரியும். 2025 நடுப்பகுதியில் இந்தியப் புழுங்கல் அரிசியின் ஏற்றுமதி விலை தொன்னுக்கு 400 டொலருக்குக் கீழே நின்றது. டொலர் 300 ரூபா என்றால் கிலோ 120 ரூபாவுக்கும் குறைவு. இலங்கையில் ஒரு கிலோ நெல்லுக்குச் சொன்ன உத்தரவாத விலையில் இந்தியாவில் ஒரு கிலோ அரிசியே கப்பல் ஏறியது. இறக்குமதிக் கட்டுப்பாடும் 65 ரூபா வரியும்தான் இடையில் நின்ற வரம்பு. அந்த வரம்பை உடைத்துவிட வேண்டும் என்று சொல்லும் பொருளியலாளர்கள் கொழும்பில் உண்டு. நுகர்வோர் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. 2023இல் இந்தியா ஒரு இரவில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. 2022இல் இலங்கையிடம் போதிய டொலர் இருக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே வருடத்தில் நடந்திருந்தால் எங்கள் சோறு எங்கிருந்து வந்திருக்கும்? ஆனால் வரம்பைக் காப்பதென்றால், அதற்காக ஒவ்வொரு கிலோ அரிசிக்கும் நுகர்வோர் கூடுதலாகக் கொடுக்கும் காசு வயலில் நிற்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று அந்தப் பாதுகாப்பின் பெரும்பங்கு காய்ந்த நெல்லை வைத்திருப்பவருக்கே போகிறது. இதைச் சரிசெய்யாமல் இறக்குமதி வரியைக் கமக்காரரின் பெயரால் நியாயப்படுத்துவது நேர்மையல்ல.

2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி முந்திய வருடத்தைவிடக் குறைவாகவே இருந்தது. பணவீக்கம் மறைந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. வன்னியில் அதைப் பலர் உணரவில்லை, ஏனெனில் 2022இல் ஏறிய உர விலையும் மெசின் கூலியும் ஏறிய இடத்துக்கு அருகிலேயே நின்றுகொண்டன. குடும்பத்தின் மற்ற வருமானமும் உலகச் சந்தையில்தான் தொங்குகிறது. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வயல் வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் பஸ் ஏறிப் போகிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, பிறகு 30, பிறகு 20 என்று குறைத்த மாதங்களில் அந்த வீடுகளிலும் நித்திரை குறைந்திருக்கும். நெல் விலை விழுந்தால் மகளின் சம்பளம், சம்பளம் நின்றால் நெல் என்றுதான் பல குடும்பங்கள் ஓடுகின்றன.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரணைமடு 36 அடிக்கு நிரம்பினாலும் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் பாய்வதில்லை. எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டம் கூடித் தீர்மானித்துப் பங்கு பிரிக்கிறார்கள். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், பாவற்குளம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மானாவாரிக்காரருக்குச் சிறுபோகமே இல்லை. வருடத்தில் ஒரே அறுவடை உள்ளவர் அந்த ஒரு அறுவடையில் விலையைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு பன்னிரண்டு மாதம் தள்ளி. இதற்கிடையில் 2018 டிசெம்பர் வெள்ளம், 2025 நவெம்பர் கடைசியில் டித்வா புயல் என்று வானமும் பொறுமை இழந்துகொண்டு வருகிறது.

செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் பக்கத்தில் சீமெந்துத் தளமும், மழை நாளுக்கு உமியில் எரியும் உலர்த்தியும் வைக்கலாம். உமி வன்னி ஆலைகளில் கழிவாகக் குவிகிறது. களஞ்சியத்தில் நெல்லை வைத்து, அதற்குக் கிடைக்கும் பற்றுச்சீட்டை வங்கியில் ஈடாகக் காட்டிக் கடன் பெறும் முறை இலங்கையில் முன்பே பரீட்சிக்கப்பட்டது. வளையலுக்குப் பதிலாக நெல்லே அடைவு போவது அது. கமக்காரர் மெசின் கூலியையும் கடைக் கடனையும் தீர்த்துவிட்டு, நெல்லைச் சித்திரைக்குப் பிறகோ ஆவணியிலோ விற்கலாம். இதை நடத்தக்கூடியவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் என்று நம்புகிறேன். வடக்கில் கூட்டுறவுக்கு நூற்றாண்டுப் பாரம்பரியம் உண்டு. போர்க்காலத்தில் பங்கீட்டுச் சாமான் கொடுத்து ஊரைக் காப்பாற்றியவை இந்தச் சங்கக் கடைகளே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் கிராமியப் பொருளாதாரத்தைக் கூட்டுறவு வழியாகக் கட்டியெழுப்ப வேண்டும் என்று நீண்டகாலமாக வாதிட்டு வருகிறார்கள். சங்கங்களில் கணக்குச் சிக்கலும் கட்சிக்காரர் தலையீடும் உண்டு, அவற்றை மூடிமறைக்க வேண்டியதில்லை. திருத்தக்கூடிய குறைகள் அவை.

பொருளை மூலப்பொருளாகவே ஏற்றி அனுப்பும் பழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கு ஆனையிறவு ஒரு சிறிய உதாரணம். 2025 மார்ச் கடைசியில் அங்கே உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உப்பின் பெயரைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது, பிறகு ஆனையிறவு உப்பு என்ற பெயர் வந்தது. பெயர் முக்கியம்தான். ஆனால் உப்பு அங்கேயே சுத்திகரிக்கப்பட்டுப் பொதியாக வெளியேறுவது அதைவிட முக்கியம். பரந்தனிலும் மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் நெல்லுக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்வதற்கு உப்பைவிட அதிக நியாயம் இருக்கிறது. வன்னியில் விளையும் மொட்டைக்கறுப்பன் அரிசியை வெளிநாட்டுத் தமிழர் தேடி வாங்குகிறார்கள். அதைக் குத்திப் பொதிசெய்து அனுப்பும் இலாபத்தில் ஒரு பங்காவது விளைந்த ஊரில் தங்கட்டும்.

தளமும் உலர்த்தியும் வர வருடங்கள் ஆகலாம். அதற்கு முன் ஒரு போகத்துக்குள்ளேயே செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. உத்தரவாத விலை பெப்ரவரியில் அல்ல, விதைப்புக்கு முன், ஒக்டோபரிலேயே அறிவிக்கப்பட வேண்டும். எவ்வளவு காணியில் எந்த இனம் விதைப்பது என்று கமக்காரர் அப்போதுதான் முடிவெடுக்கிறார். இரண்டாவது, விலை காய்ந்த நெல்லுக்கு மட்டும் சொல்லப்படக்கூடாது. சில போகங்களில் ஈரநெல்லுக்கும் விலை சொல்லப்பட்டதுண்டு, நிலையான ஏற்பாடாக அது வேர்விடவில்லை. 14 வீதத்துக்கு 120 ரூபா என்றால், உலர்த்தும் செலவைக் கழிக்குமுன், 18 வீத ஈரநெல் 114 ரூபா 42 சதம், 20 வீதம் 111 ரூபா 63 சதம், 22 வீதம் 108 ரூபா 84 சதம், 24 வீதம் 106 ரூபா 5 சதம். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் வாசலிலும் இந்தப் பட்டியல் பெரிய எழுத்தில் எழுதப்பட்டு, பக்கத்தில் எவரும் தன் நெல்லைக் கொண்டுவந்து அளந்து பார்க்க ஓர் ஈரப்பதன் மானி ஜனவரி கடைசி வாரத்துக்குள் வைக்கப்பட வேண்டும். வரம்புக்கு லொறி வந்து நிற்கும்போது தன் நெல்லின் ஈரப்பதனும் அதற்குரிய விலையும் தெரிந்த கமக்காரர் பேரம் பேசுவார்.